இருபத்து மூன்றாவது

எட்டு அடிக்க ஒரு நிமிடம்.
கிரிம்ஸ்பியில் இன்னும் விடியவில்லை.
வினிஃப்ரெட் ஓல்ட்ராய்டின் விரல்
பொத்தான் மேல் காத்திருக்கிறது.

எட்டு. எங்கேஜ்டு.
மறுபடி. எங்கேஜ்டு.
பிறகு பியானோ:
வரிசையில் நீங்கள் இருபத்து மூன்றாவது.

தேநீர் ஆடை கட்டிற்று.
பூனை வெளியே போய் நனைந்து திரும்பிற்று.
போனை மேசையில் பேசவிட்டு
ஒற்றைக் கையால் காலுறை மாட்டினாள்;
மற்றது மூன்று வாரமாய்த் தோளுக்கு மேல் எழவில்லை.

ஒன்பதுக்கு ஐந்து. ஒரு பெண்குரல்:
"இன்றைக்கு எல்லாம் முடிந்தது,
நாளை எட்டு மணிக்கு..."
மீதியை இருமல் தின்றது.

"நெஞ்சுச்சளி மாதிரி இருக்கே, டாக்டரிடம் காட்டினாயா?"
"எங்கே, இடம் கிடைத்தால்தானே!"

சிரித்தார்கள், இருவருமே.
மேல்தட்டு பிஸ்கட் டப்பாவுக்குக் கை நீட்டியபோதுதான்
தோளைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பது
சுருக்கென்றது.