மூன்றாவது கியர்

வாரத்தில் ஆறு நாள்
கூலி வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் நான்.
மொந்தேவிதேயோவில் எந்த முனையில்
எந்த விளக்கு எத்தனை எண்ணும்வரை சிவந்திருக்கும்
கேளுங்கள், சொல்வேன்.
முனை திரும்பினால் என்ன இருக்கிறது என்றால்
தெரியாது.
மூக்குக்கு நேரே வந்த ஊர்தான் என் ஊர்.
பக்கவாட்டு ஊரைப்
பயணிகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஞாயிறு, மதியம் இரண்டரை.
ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று
என் தடத்துப் பஸ்ஸிலேயே ஏறினோம்.
ஓட்டுகிறவன் வில்மார். காசு வேண்டாம் என்றான்.
"இன்றைக்கு இவர் டிரைவர் இல்லை"
என்று சில்லறையை எண்ணி வைத்தாள் சுல்மா.
ஜன்னலோரத்தைப் பிடிவாதம் பிடித்து வாங்கினேன்.
வில்மார் பிரேக் போட்டபோதெல்லாம்
என் வலதுகாலும் தரையை அமுக்கியது.
"காலை எடு" என்றாள்.
நாலு நிறுத்தம் கழித்துத்தான் எடுக்க முடிந்தது.

அப்புறம் ஊர் நகர்ந்தது,
நான் நகர்த்தாமலே.
மூன்றாம் மாடியில் ஒருத்தி கம்பளத்தை உதற
தூசி, விழுவதா வேண்டாமா என்று
வெயிலில் நின்று யோசித்தது.
பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால்
முடிவெட்டுகிறவர் கண்ணாடி பார்த்து
தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார்.
ஒரு நாய், எனக்குத் தெரிந்த நாய்தான்,
எப்போதும் சக்கரத்தை நோக்கிக் குரைத்து வருவது,
இன்று என்னை நேராகப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பிறகு அந்த நீலச் சுவர்.
"உள்ளே என்ன இருக்கிறது?"
"மூன்றாவது கியர்" என்றேன்.
பத்தொன்பது வருஷமாய் அது எனக்கு
கியர் மாற்றுகிற இடம்.
சுல்மா மணியை அழுத்திவிட்டாள்.

உள்ளே
சலித்துப் போட்ட மண்ணில் இரண்டு நீளப் பாத்தி.
பெரிய பந்தை உருட்டிச் சின்ன உருண்டையை
அண்டுகிற ஆட்டம்.
ஆட்டம் நின்றுபோயிருந்தது, சண்டை நடந்துகொண்டிருந்தது.
எவன் பந்து கிட்டே என்று
பழக்கடை எவாரிஸ்தோவுக்கும்
மருந்துக்கடை ஒஃபேலியாவுக்கும்.
அளக்கிற நாடா போன வாரமே தொலைந்துவிட்டதாம்.
"நீங்கள் வெளியூரா?"
"இதே ஊர்."
"எங்களில் யாரையாவது தெரியுமா?"
"தெரியாது."
"அப்படியானால் நீங்கள்தான் நடுவர்."

என் இடது ஷூவின் கயிற்றை உருவி
மண்ணில் மண்டியிட்டு அளந்தேன்.
அரை விரற்கடையில் ஒஃபேலியா.
எவாரிஸ்தோ குனிந்து பார்த்துவிட்டு
என்னைக் குறை சொல்லவில்லை,
கயிறு இழுபடுகிறது என்றான்.

மாத்தே வந்தது. சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்.
எங்கள் ஊரில் ஒரு வழக்கம்:
குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம்.
வாய் திறக்காதவனுக்குச் சுற்று வந்துகொண்டே இருக்கும்.

நான் சொல்லவில்லை.
வெயில் முதல் பாத்தியைத் தாண்டி
இரண்டாவது பாத்திக்குப் போனது. சொல்லவில்லை.
இலையில் சாரம் போய்
வெறும் வெந்நீர் பச்சையாய் வந்தது. சொல்லவில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பஸ்
உறுமலைத் தாழ்த்தி, கொஞ்சம் தயங்கி,
மூன்றாவதுக்கு மாறிப் போனது.
இங்கிருந்து கேட்க
அடுத்த அறையில் யாரோ
தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி இருந்தது.
தினமும் பதினான்கு முறை அது நான்தான் என்று
அவர்களிடம் அதையும் சொல்லவில்லை.

கடைசியில் சுல்மாதான் "நன்றி" என்றாள்.
கயிறு கிடைக்கவில்லை.
அடுத்த ஞாயிறு மறுபடி அளக்கும்வரை
அது சாட்சிப் பொருள் என்று
எவாரிஸ்தோ சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.
இடதுகால் தெருவெல்லாம் பட்பட்டென்று அடிக்க
நிறுத்தம் வந்து சேர்ந்தோம்.

திரும்பி வந்த பஸ்ஸிலும் வில்மார்தான்.
"ஆறு எப்படி இருந்தது?"
"பார்க்கவில்லை."
"பின்னே இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்?"
"மூன்றாவது கியரில்" என்றாள் சுல்மா,
சில்லறையை எண்ணிக்கொண்டே.