நாற்பது எழுத்து

வரிக்கு நாற்பது எழுத்து, அதற்கு மேல்
கண் ஓடாது என்றார் திரைப்படக் கழகத்துக் குணசீலன்.
சத்துவாச்சாரி மாடியறையில்
மேசை விசிறி என் காகிதங்களைப் புரட்டிப் பார்க்க,
விதாத் ஸவ்வானின் ஐந்து படங்களைத்
தமிழில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

மனாமாவில் பதினோரு வருடம்
வேன் ஓட்டிய அரபி என்னுடையது:
நில், இடது, சீக்கிரம், நாளைக்கு வா.
அதை வைத்துக்கொண்டு
அப்பனின் படகை விற்றுக் கேமரா வாங்கியவளின்
மனசை எழுத வேண்டும்.

முதல் படத்தை அவள் ஊரில் யாரும் பார்க்கவில்லை.
இரண்டாவதைப் பார்க்க விடவில்லை.
மூன்றாவதுக்கு ஏதோ குளிர்தேசத்தில்
எழுந்து நின்று கைதட்டினார்களாம்.
அன்றைக்குச் செருப்பு கடித்தது என்கிறாள் பேட்டியில்.
நான்காவதில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
வரிக்கு இரண்டு ரூபாய் கூலி எனக்கு;
திட்டிக்கொண்டே மூன்று முறை பார்த்தேன்.

ஐந்தாவதில், நாயகி அழுகிற தெருவில்,
பின்னால், மங்கலாக, ஒரு டிரைவர்.
வண்டிக் கதவில் சாய்ந்து போனில் சொல்கிறான்:
"இன்னும் நிக்கிறேன்மா. இவங்க முடிக்கல."
ஆங்கில வரிகளில் அந்த இடம் காலி.
வெட்டியிருக்கலாம் அவள். வெட்டவில்லை.
என்ன சொன்னான் என்று
யாரிடமாவது கேட்டாளோ என்னவோ.

நானும் எழுதவில்லை.

ஞாயிறு மாலை,
வெயில் இன்னும் சுவரைவிட்டு இறங்காத கல்யாண மண்டபம்.
விஷாரத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வந்தவர்கள்
பிளாஸ்டிக் நாற்காலிகளில் வியர்த்திருந்தார்கள்.
திரையின் அடி இருட்டாகவே கிடக்க
அவன் பேசினான்.
கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்,
தன்னையறியாமல்:
"சாப்டியா?"