சீரியல் பல்பு

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தொழில்
கொலுசு எடை பார்ப்பது.
மில்லிகிராமுக்கு ஒருவன் சண்டை போடுவான்.
டச்சு அறுபதா அறுபத்தைந்தா என்று இன்னொருவன்
உரைகல்லைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்ப்பான்.
இருபத்திரண்டு வருடமாக என் முகம்
எதையும் சொன்னதில்லை.

ஏற்காட்டில் ஜெரோம்
ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டிருந்தான்.
சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகை அறையாம்.
ஒரு சுவரில் பெயின்ட் இன்னும் காயவில்லை.
மிளகு மூட்டைக்கும் ஒற்றை பூட்ஸுக்கும் நடுவே
தேக்குப் பெட்டி, துணி முகம்,
தந்த நிறத்தில் நான்கு குமிழ்.
பின் அட்டையைக் கழற்றினேன்:
பல்லி முட்டை ஓடு இரண்டு,
குளவி கட்டிய மண் வீடு,
அறுபத்து நான்காம் வருடத்து லைசென்ஸ் புத்தகம்,
அதில் தபால் ஆபீஸ் முத்திரை பாதி.

"எவ்வளவு பெறுங்க்கா?"
"பாடாது. மூணாயிரம்."
"கீசரே ஆறாயிரம் ஆகுதுக்கா."
நாலாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது.
பெங்களூரில் இதற்கு இருபத்தெட்டு தருவார்கள்
என்று நான் சொல்லவில்லை.
யாரும் சொல்வதில்லை. அது வியாபாரம்.
ஆனால் அவன் வண்டி வரைக்கும் வந்து
பிஸ்கட் டின் ஒன்றை என் மடியில் வைத்தான்.
"இதுவும் அதோட சாமான்தான் போல. வச்சுக்குங்க."

மூடியை ஒரு விரல் அகலம் திறந்தேன்.
நெளி அட்டையில் சுற்றிய வால்வுகள்.
முல்லார்ட், நான்கு.
அந்த ரேடியோவுக்கே சம்பந்தமில்லாத ரகம்.
கிடார் வாசிக்கிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ
ஒன்றுக்கு ஒன்பதாயிரம் கொடுத்து வாங்குவது.
என் முகம் எதையும் சொல்லவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் டின் ஒரு முறை கிணுங்கியது.
கொலுசு மாதிரி என்று எழுதலாம்.
கொலுசு மாதிரி இல்லை.
கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

பழைய ரேடியோவை நேராகக் கரண்டில் சொருகக் கூடாது.
நடுவே நூறு வாட் பல்பு ஒன்றைக் கட்ட வேண்டும்.
உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும்.
இல்லையென்றால் ஒரு கணம் பளிச்சிட்டு
மங்கிச் சிவக்கும்.
மங்கினால் பயமில்லை.

மெழுகு வழிந்த கெப்பாசிட்டர் ஆறை மாற்றி
ஞாயிறு சாயங்காலம் சொருகினேன்.
பளிச். மங்கியது.
தூசி சூடாகும் வாசம்,
பிறகு பச்சைக் கண் மெல்லத் திறந்தது.
டயலில் கொழும்பு, லாகூர், சைகோன்.
ஊசியை எல்லா ஊருக்கும் கூட்டிப்போனேன்.
எல்லா ஊரிலும்
பக்கத்துப் பட்டறை பாலிஷ் மோட்டார்.
இருபத்தெட்டாயிரத்துக்கு அது ஒன்றுதான்
துல்லியமாகக் கேட்டது.

தூக்கம் வரவில்லை என்றெல்லாம் இல்லை, தூங்கினேன்.
செவ்வாய்க்கிழமை, கடை திறக்கும் முன்
ஜெரோமுக்கு அனுப்பினேன்:
டின்னில் இருந்தது முப்பத்தாறாயிரம் பெறும்,
பாதி உனக்கு.
முழுசும் என்று எழுதத்தான் விரல் போனது.
போகிற வழியில் நின்றுவிட்டது.
ரேடியோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மத்தியானம் பதில்:
"சரிங்கக்கா, ஜிபே பண்ணுங்க.
இன்னொன்னு. ரூமுக்கு ஒரு பழைய ரேடியோ இருந்தா
நல்லாருக்கும்னு வர்றவங்க சொல்றாங்க.
உள்ள ஒண்ணும் வேண்டாம், வெறும் பெட்டி போதும்.
புளூடூத் வச்சுக்கறேன்.
போட்டோ எடுத்துக்கத்தான். என்ன விலை வரும்?"

மேல் அலமாரியில் அப்படி ஒன்று இருக்கிறது,
குடலை நானே என்றைக்கோ உருவிவிட்ட மர்ஃபி.
காலிப் பெட்டி இப்போது ஐயாயிரம் வரை போகிறது,
பாடாத முழு ரேடியோவுக்கு
நான் கொடுத்ததைவிட அதிகம்.

நாலாயிரத்து ஐந்நூறு என்று டைப் செய்தேன்.
அழித்தேன்.
நிமிர்ந்தால், பனங்காட்டிலிருந்து ஒருவன்
கொலுசுப் பையோடு வந்து நிற்கிறான்,
தராசைப் பார்க்காமல்
என் முகத்தையே பார்த்துக்கொண்டு.
"என்னங்க்கா," என்கிறான், "டச்சு கம்மியா?"