அரை மதிப்பெண்

மே மாதம். காரைக்குடி. விடைத்தாள் திருத்தும் முகாம்.
மேசைக்கு இரண்டு பேர், கட்டுக்கு இருபது தாள்.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
முகப்புத்தாள்கள் எழுந்து எழுந்து உட்காருகின்றன.

பன்னிரண்டாம் கேள்வி:
நீரின் நிலைமை வரைபடம் வரைந்து விளக்குக.
ஐந்து மதிப்பெண்.

காலையிலிருந்து பதினேழு முறை பார்த்தாயிற்று
முக்குரோடு மாதிரி ஒரு புள்ளியில் கூடிப் பிரிகிற
அதே மூன்று கோடுகளை.

பதினெட்டாவது தாளுக்குப் பெயரில்லை.
மூலை கிழித்து, மாற்று எண் ஒட்டி வந்திருக்கிறது.
குண்டு குண்டான கையெழுத்து.
ஆவிக்கோடு வளைந்து ஏறுகிறது. சரி.
முந்நூற்று எழுபத்து நாலு டிகிரியில் அதை நிறுத்தி,
"இதற்கு மேல் எது நீர், எது ஆவி என்று கேட்கக் கூடாது."
கேட்கக் கூடாதாம். சிரித்துவிட்டேன்.
மும்மைப் புள்ளியும் சரியான இடத்தில். அதன் அருகே
"சுதந்திரப் படி: பூஜ்யம்.
மூன்று பேரும் சேர்ந்து இருக்க வேண்டுமென்றால்
யாரும் எதையும் மாற்ற முடியாது."

உருகல் கோடு மட்டும்
வலப்பக்கம் சாய்ந்துவிட்டது.

இடப்பக்கம் சாய வேண்டும்.
விடைக்குறிப்பில் வயிரவன் சார் அடிக்கோடிட்டிருக்கிறார்:
சாய்வு தவறினால் அரை குறைக்கவும்.

தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கினேன்.
ரப்பர் தேய்த்துப் பஞ்சு பஞ்சான ஓர் இடம்.
அதனடியில், மங்கலாக, பென்சில் தடம்.
இடப்பக்கம் சாய்ந்து.

முதலில் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்
(அவனாகவும் இருக்கலாம்.)
பிறகு யோசித்திருக்கிறாள்.

அழுத்தினால் எதுவும் இறுகத்தானே வேண்டும்?
மெழுகு அப்படி. ஈயம் அப்படி. அந்துருண்டை அப்படி.
பிஸ்மத், காலியம் என்று
விரல்களில் அடங்குகிற சில அடங்காதவை போக
ஏறக்குறைய உலகமே வலப்பக்கம்தான் சாய்கிறது.
பெண்ணே, உலகத்தைப் பற்றி நீ போட்டது சரி.
கேள்வி தண்ணீரைப் பற்றியது.
தண்ணீர், கட்டியாய் இருக்கையில் அழுத்தினால்
உருகிக் கொடுத்துவிடும்.

இந்த ஊரில் யார் கண்டார்கள்?
எந்த மார்கழியிலும் எங்கள் ஊருணி உறைந்ததில்லை.
மேலே தகடாய் மூடிக் கிடக்க, அடியில் மீன் பிழைத்திருப்பதை
நானும் படத்தில் பார்த்ததுதான்.
இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன்.

பக்கத்தில் ஜெசிந்தாவின் பாட்டில்.
நேற்று ராத்திரி தேவகோட்டையில் ஒரு ஃப்ரீசருக்குள் நின்று
வயிறு புடைத்து, அடி பிதுங்கி,
காலையில் துண்டு சுற்றி பஸ் ஏறி வந்தது.
நேராக நிற்க மாட்டேன் என்கிறது.
"கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேன் மேடம்" என்றாள்.
உறைந்தால் பெருக்கும். பெருத்ததை நெருக்கினால் நீராகும்.
அந்த இடச்சாய்வு முழுக்க இதோ, நீல மூடிக்குக் கீழே.

உள்ளே கட்டி, சுற்றி நீர்,
வெளியே வேர்த்து வழியும் அறையின் ஆவி.
மூன்றும் இருக்கிறதென்று மும்மைப் புள்ளி ஆகிவிடாது.
நடுவே ஒரு காற்று மண்டலம்,
முப்பத்தெட்டு டிகிரி,
நாற்பது பேர் மூச்சு.

அடித்ததைக் கூடப் படிக்கலாம்.
அழித்ததைப் படிக்க விதி இல்லை.
நாலரை போட்டேன்.
கூட்டினால் ஐம்பத்தெட்டரை. முழுசாக்கினால் ஐம்பத்தொன்பது.
ஐந்து போட்டிருந்தாலும் அதே ஐம்பத்தொன்பது.
யாருக்கும் ஒரு நட்டமுமில்லை.
ஆனாலும் அந்தத் தடத்தின் மேல் நின்ற சிவப்புப் பேனா
ஒரு பொட்டு ஊறிவிட்டது.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க
ஜெசிந்தா பாட்டிலைக் கவிழ்த்தாள்.
கட்டி நிதானமாக மேலே ஏறியது.
நிமிர்த்தினாள்.
மறுபடியும் ஏறியது.

பத்தொன்பதாவது தாளில்
கோடு நட்டக்குத்தலாக நிற்கிறது.