நூற்றிருபத்திரண்டு யூனிட்

கஸ்பாவில் அந்த பேக்கரியின் மீட்டர்
அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது.
எந்தப் புண்ணியவான் அங்கே ஆணி அடித்தானோ.
மே மாதம், பதினோரு மணி,
நாற்பது வீடு ஏறி இறங்கி வந்து
முக்காலி மேல் நின்று எண்களைப் படிப்பேன்.
கீழே பன் வேகும்.
மேலே நான்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங்.
இரண்டு மாதத்துக்கு ஒரு தேங்காய் பன், ஒரு டீ,
பதினெட்டு ரூபாய்.
காசு வேண்டாம் என்பார் நூருல்லா.
வாங்காவிட்டால் ரீடிங்கைத் தப்பாகப் போடுவேன் என்பேன்.
கல்லாவில் சில்லறை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான்
காகிதத்தைப் பிரிப்பேன்.

விறகு அடுப்பு. இரண்டு பல்பு, ஒரு ஃபேன்,
கடை சாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிவிடும்
பழைய ஃபிரிட்ஜ்.
நாலு வருஷமாக
நூற்றுப் பதினெட்டைத் தாண்டாத கடை.

இந்த முறை நூற்றிருபத்திரண்டு.

முந்தானையால் மீட்டரைத் துடைத்துப் பார்த்தேன். அதேதான்.
"என்ன பாய், ஏசி போட்டீங்களா?"
அவர் சிரிக்கவில்லை.
மாவுக் கையால் ஃபிரிட்ஜைக் காட்டினார்.

அரைக் கிலோ கேக். அட்வான்ஸ் நூறு.
புதன் சாயங்காலம் வருகிறேன் என்று போனவர்
துண்டுச் சீட்டில் பெயரை எழுதினார்,
நம்பரை எழுதவில்லை.
புதன் ராத்திரி
வியாழன் ராத்திரி
வெள்ளி ராத்திரியும்
பிளக் சுவரிலேயே இருந்தது.

சிவப்பு ஜெல்லில், சற்றே கோணலாக,
பொற்செல்வி.
புள்ளி வரும் இடத்தில் எல்லாம் ஒரு டூட்டி ஃப்ரூட்டி.

"இதுக்கு மேல தாங்காது."
கத்தியை வெந்நீரில் முக்கினார்.
எழுத்து ஒன்று பதினைந்து ரூபாய்.

கொம்பு ஒரு துண்டிலும் கால் இன்னொரு துண்டிலும் போகாமல்
அகலமாக வெட்டிய 'பொ'
ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனது.
'செ'யை வாங்கியவர் ஆஸ்பத்திரிக்காக வந்து
லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளி அம்மாள்.
பூ என்று நினைத்திருப்பார்,
கலையாமல் டப்பாவில் வைத்துக்கொண்டார்.
'ல்' ஒரு பையனுக்கு.
முதலில் புள்ளியைத் தின்றான்.
இப்போது அது ல.

எனக்கு வந்தது 'ற்'.
தனியாக அதைச் சொல்லிப் பார்த்தேன்.
நாக்கு எழும்பி மேலண்ணத்தில் முட்டி
அங்கேயே நின்றது.
கேக் நன்றாகத்தான் இருந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் காய்ந்து.
எந்த வீட்டிலோ
ஊதாத மெழுகுவத்தி பெட்டியோடு இருக்கும்.
இல்லை, வேறு கடையில் இதைவிடப் பெரிதாக வாங்கியிருப்பார்கள்.
அப்படியே இருக்கட்டும்.

'வி'யை ஒருவர் கேட்டார். நூருல்லா தரவில்லை.
"திடீர்னு வந்து நின்னா
ஒண்ணுமே இல்லேன்னா சொல்றது?"
உருது பேப்பரில் சுற்றி உள்ளே வைத்தார்.
நூறு ரூபாய் நோட்டு
காலண்டரில் குண்டூசியோடு ஆடிக்கொண்டிருந்தது.

பில் தொகையைச் சொன்னேன்.
நாலு யூனிட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கை கழுவ மறந்துவிட்டேன்.
அன்று கஸ்பாவில் மிச்சமிருந்த வீடுகளின்
வெள்ளை அட்டைகளில் எல்லாம்
என் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்பு.