நாற்பத்தெட்டு மணி நேரம்

புதன்கிழமை மூன்றரை மணிக்கு
மிஸ் கோ என்னை யோசிக்கச் சொன்னார்.
டிஷ்யூ பெட்டி
என் பக்கமாகத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது.
நான் எடுக்கவில்லை.
அதையும் குறித்துக்கொண்டாரோ என்னவோ.

காணொளி தமிழிலும் உண்டு என்றார்.
ஆங்கிலமே போதும் என்றேன்.
என் மொழியில் இதை யாரும் பேசி
நான் கேட்டதில்லை.
"நாள் தள்ளிப்போச்சு" என்பதைத் தாண்டி
எங்கள் வீட்டில் சொல் இருந்ததில்லை.

மூன்றாவது பிள்ளைக்குக் கூடுதலாகவே கிடைக்கும், தெரியுமா?
தெரியும்.
இரண்டாவதில் தையல் பிரிந்ததும்
எட்டு மாதம் சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசிந்ததும்
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாதவை.

கணவர் என்ன சொல்கிறார்?
"உன் இஷ்டம்" என்றார் சிவகுரு,
பாத்திரம் கழுவிக்கொண்டே.
நல்லவர்தான்.
ஆனால் அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு
அவரால் தூங்க முடிந்தது.

நான் யோசித்து முடித்து நாளாகிறது.
செங்காங்கில் ஏறும்போதே முடித்துவிட்டேன்,
ரயில் மேடை இடைவெளியைப் பற்றி
நான்கு மொழியில் எச்சரிக்கும் குரலுக்குக் கீழே,
யாரோ ஒரு பையன்
எழுந்து எனக்கு இடம் தருவதற்கு முன்பே.
அவனுக்கு எப்படித் தெரியும்?
தெரிந்திருக்காது. களைத்த முகம்தான்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனேன்.
தோ பாயோவில், புளோக்கின் கீழ்த்தளத்தில் மருந்தகம்.
ஆறு மாதத்துக்கொரு முறை
பணிப்பெண்கள் வந்து நிற்பார்கள்.
முதலாளியம்மாக்கள் எதிர்க்கடையில் கோப்பி குடிப்பார்கள்.
குப்பியில் பெயர் ஒட்டி, பட்டையை நனைத்து,
மூன்று நிமிடம் காத்திருப்பது என் தொழில்.
ஒன்பது வருடம்.
ஒரு கோடு, ஒரு கோடு, ஒரு கோடு.

அன்று சுமியாத்தியின் பட்டையில் இரண்டு.

என்னுடையதைப் போலவே.
இரண்டாவது கோடு கொஞ்சம் வெளிறி,
உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல்.

எனக்கு ஓர் அறை, ஒரு மிஸ் கோ,
கட்டாயமாக யோசிக்க இரண்டு நாள்,
பெற்றுக்கொண்டால் பணம்.
அவளுக்கு விமானச்சீட்டு.
தாய்மை தெய்வம் என்பார்கள்;
கூலிக்கு வந்த வயிற்றில் குடிபுகுந்தால்
அந்தத் தெய்வத்துக்கு வேலை அனுமதி ரத்து.
என்னைப் பெறச் சொல்லும் வாயும்
அவளைப் போகச் சொல்லும் வாயும்
ஒன்றா, இரண்டா?
என் வேலையில் எண்ணத் தெரிந்தது கோடுகளை மட்டும்.

"ஓகே, காக்?" என்றாள் கதவருகில் நின்று.
"பெலும்" என்றேன். இன்னும் இல்லை.
கழிவறைப் பக்கம் கூட்டிப்போய்
இரண்டு விரல் காட்டினேன்.
அவள் என் விரலைப் பார்க்கவில்லை.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
கோப்பிக் குவளையைப் பார்த்தாள்.
எப்போது சொல்வீர்கள் என்றாள்.
திங்கள் என்றேன்.
எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் சொல்லிவிட்டது.

கோப்பை அடுக்கின் அடியில் வைத்தேன்.
கணினி மெதுவாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.
தவறுதான். வேலை போகலாம்.
சனி, ஞாயிறு.
எனக்கு அளந்து தந்ததை
அதே அளவில் அவளுக்குத் தந்தேன்.
அதை வைத்து என்ன செய்வாள் என்று கேட்கவில்லை.
கேட்க நான் யார், இன்னொரு மிஸ் கோவா?

அரைநாள் விடுப்பில் மூன்றரைக்குப் போய்
நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன்.
பேனாவில் மை வரவில்லை.
இரண்டாம் முறை அழுத்தி எழுதினேன்.
அழவில்லை என்பதற்காக
யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.
வெளியே வந்ததும் பசித்தது.
முட்டை பிராட்டா இரண்டு, நின்றுகொண்டே.

திங்கட்கிழமை காலை
கோப்பை அடியிலிருந்து உருவி
அந்த வீட்டு எண்ணை அழுத்தினேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
எடுக்காதே, எடுக்காதே என்று
இடுப்பு வலியோடு நின்றேன்.