சொந்த வேலை

பெரம்பூர் யூனிஸ் அக்கா விலையைச் சொல்லவில்லை.
"எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க,
எத்தனை மணிக்கு வருவீங்க?"
அங்கேயிருந்துதான் ஆரம்பித்தார்.

அதை யாரும் என்னிடம் கேட்டு
ஆறு வருஷம் இருக்கும்.

ஆறு ஐம்பதுக்கு விஜயநகரில் கம்பெனி பஸ்.
சிறுசேரி போய்த் திரும்பி வர எட்டே முக்கால்.
மழை என்றால் பள்ளிக்கரணையிலேயே பத்து.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
ஷிட்சு குட்டி ஒன்று
என் பாதத்தின் மேல் ஏறிப் படுத்து
எடை முழுவதையும் விட்டது.
ஒரு கிலோ துவரம்பருப்பு, கொஞ்சம் சூடாக.

"அம்மா கூட இருக்காங்க" என்றேன்.
பொய்.

அக்கா கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.
"இது காவல் நாய் இல்ல தம்பி.
இது குரைச்சா திருடன் கொஞ்சிட்டுப் போவான்.
இதுக்கு ஒரே வேலைதான்.
நீங்க ஹால்லருந்து கிச்சனுக்குப் போனா
பின்னாலயே வரும்.
திரும்புனா திரும்பும்.
பின்னால போக ஆள் இல்லன்னா
நடுவீட்ல நிக்கும்.
அவ்ளோதான்."

சப்பை மூக்கு, கத்திரி வெயில், ஏசி என்றும் சொன்னார்.
மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
கரண்ட் பில் எகிறும், சரி.
தீபாவளிக்கு நாலு நாள் கட்டிலுக்கு அடியில், சரி.
முடி சீவத் தினம் இருபது நிமிஷம்;
என் தலைக்கே நான் அவ்வளவு தந்ததில்லை,
அதுவும் சரி.
நடுவீட்டில் நிற்பது மட்டும்
பறக்கும் ரயிலில் வேளச்சேரி வரை கூடவே வந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன்.
காரணம்: சொந்த வேலை.

ஆறு ஐம்பதுக்கு
வெளியே போகாமல் வெளியே போனேன்.
அதாவது, கதவைச் சாத்தித் தாழ் போட்டுத்
தரையில் உட்கார்ந்தேன்.
போனை அணைத்துச் செருப்பு அலமாரியில் வைத்தேன்,
நாய்க்குப் போன் கிடையாது.

தரையிலிருந்து பார்த்தால் சோபாவுக்கு அடியில்
ஒரு பேனா மூடி,
என்னுடையதல்லாத ஒரு ஹேர் கிளிப்.
ஒன்பதரைக்குக் கீழ்வீட்டு மிக்ஸி.
தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு.
பதினொன்றுக்குக் கொரியர்க்காரர்
எதிர்வீட்டு மணியை அடித்தார்;
நமக்கில்லை என்று தெரிந்தும்
காது தூக்கிக்கொண்டது.
பால்கனிக் கம்பி வழியே வெயில்
டைல் டைலாக நகர்ந்தது.
ஏழாவது டைலில் கரண்ட் போனது.
மின்விசிறி நின்ற பிறகு
ஒற்றைப் படுக்கையறை வீடு எவ்வளவு பெரியது என்று
வாடகை பேசும்போது யாரும் சொல்லவில்லை.

மூன்றேகால் இருக்கும், படியில் காலடி.
நான் கதவருகே நின்றிருந்தேன்.
எழுந்தது எப்போது என்று தெரியாது.
காலடி நாலாவது மாடிக்குப் போய்விட்டது.
சற்று நேரம் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு
வந்து நின்றேன்,
ஹாலில், ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே.

எட்டே முக்காலுக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம்.
நாலு மணிக்கே ஏமாற்றினேன்.
டீ குடிக்க இறங்கிவிட்டேன்.
அதற்கு அந்த வசதி இருக்காது.

புதன்கிழமை பஸ்ஸிலிருந்து அழைத்தேன்.
வேண்டாம் அக்கா.
அம்மா இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி.
அம்மா இருக்கறவங்க
'அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்'னு சொல்லியிருப்பாங்க."
பின்னால் நாலைந்து குரைப்பு.
எது என் பாதத்தில் படுத்தது என்று பிரிக்க முடியவில்லை.
"ஞாயித்துக்கிழம சும்மாதானே இருப்பீங்க?
பதினோரு உருப்படிக்கு முடி சீவணும்.
எனக்கு இடது தோள் தூக்க வரல."

குப்பைமேட்டைத் தாண்டும்போது சிக்னல் போனது.
வருகிறேன் என்றது கேட்டதோ என்னவோ.

சோழிங்கநல்லூரில் மெசேஜ் வந்தது:
எத்தனை மணிக்கு?